ஒன்றைக் கழற்றி ஒன்றுக்கு

பண்டாரவளையில் தாஸிமின் மோட்டார் சைக்கிள் கடை இரண்டாவது வருடம் முடிவதற்குள் மூடப்பட்டதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணூறு பட்டுவிட்டது என்றார்கள் சிலர். மச்சானைக் கல்லாவில் உட்கார வைத்தால் அப்படித்தான் என்றார்கள் வேறு சிலர். கம்பனி விலையைவிட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைத்து விற்றால் எந்தக் கடைதான் நிற்கும் என்று கேட்டவர்கள் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்தார்கள். ஆனால் விலையைக் குறைப்பது குற்றமா என்ன? குறைத்த ரூபாயை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாஸிம் சொல்லியிருப்பாரோ என்னவோ, நல்ல மனிதர்தான்.

அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்ட புதிது. ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பதுளையில் ஏஜென்சிக் கடை ஒன்று இருந்தது. கண்ணாடி போட்ட பெரிய கடை. பின்னால் ஓர் அறை நிறைய உதிரிப் பாகங்கள், பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள், மூன்று தரம் இலவச சர்விஸ். தாஸிம் அதுவரை மிதிசைக்கிள் விற்றுத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கொழும்பில் ஒரு மொத்த வியாபாரி அதே மோட்டார் சைக்கிளைப் பெட்டியோடு மலிவாகத் தருவதாகச் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிக்குள் இருப்பது மட்டும்தான், உதிரிச் சாமான் கேட்டு என்னிடம் வரக்கூடாது என்று அந்த ஆள் முதலிலேயே சொல்லிவிட்டார். தாஸிம் அதற்கும் தலையாட்டினார். புதுச் சாமானுக்கு எதற்கு உதிரி என்று நினைத்தார்.

கொழும்பில் இரண்டு வருடம் தாங்கும் பிரேக், ஊவா மலையில் எட்டு மாதம் தாங்கினால் பெரிய காரியம். ஏறினால் இறங்கத்தான் வேண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் ஷூ தேய்ந்துகொண்டே போகும். மலிவாக வாங்கிய ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பிரேக் கேட்டார்கள், கிளட்ச் கேபிள் கேட்டார்கள், செயின் கேட்டார்கள். மலிவாக வாங்கியவர்களுக்குக் கடைக்காரர் சொந்தக்காரர் மாதிரி. உரிமையோடு வந்து குந்திக்கொண்டார்கள். ஏஜென்சிக்குப் போனால், எங்கே வாங்கினீர்களோ அங்கேயே போங்கள் என்று விரட்டினார்கள். தாஸிமுக்கு முகத்துக்கு முகம் இல்லை என்று சொல்ல வராது. கடையில் நின்ற புது மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றி, வந்தவருக்குப் பூட்டிக் கொடுத்தார். அவருடைய தேய்ந்த பாகம் பூட்டக்கூடியதாக இருந்தால் அதைப் புதுச் சைக்கிளில் போட்டு வைத்தார். கொழும்பிலிருந்து எப்படியாவது சாமான் வரும், வந்ததும் மாற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு.

எதில் கை வைத்தோம் என்று மறந்துவிடாமல் இருக்க, அந்தச் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு துணித் துண்டைக் கட்டிவிடுவார். முதலில் ஒரு சைக்கிளுக்குத்தான் துணி இருந்தது. அப்புறம் மூன்றுக்கு வந்தது. ஒருநாள் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி ஸுபைரா வரிசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஒங்கட கடையில எல்லாச் சைக்கிளுக்கும் தலவலியா? எல்லாம் துணி கட்டித்தான் ஈக்கி.”

“சாமான் வந்தா சரியாப் போயிரும்” என்றார் தாஸிம். அவர் சிரிக்கவில்லை. துணி கட்டும்போதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. அது அவருக்கே பிடிக்கவில்லை. அதற்காகக் கட்டுவதை நிறுத்தவும் இல்லை.

இந்த நிலைமையில்தான் நல்லையா வந்தார். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தொழிலாளர் லயத்தில் பிறந்து அந்த வேலைக்கு வந்தவர். அவருடைய ஒரே மகள் தவமணிக்கு இழுப்பு வியாதி. பனிக்காலத்தில் மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டால் டாக்டரிடம் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைத்தான் கேட்க வேண்டும். தோட்டத்தை நடத்தும் துரை பங்களாவில் இல்லையென்றால் லொறியும் இல்லை. போன மார்கழியில் பிள்ளை விடியும்வரை மடியில் கிடந்து இழுத்ததைப் பார்த்த பிறகு, சொந்தமாக ஒரு வண்டி வாங்கியே தீருவது என்று நல்லையாவும் அவர் மனைவி ஜெயலெட்சுமியும் முடிவெடுத்தார்கள். பதுளை ஏஜென்சியில் அவரை வாசற்படியிலேயே நிறுத்தி, எந்தத் துரை அனுப்பினார் என்று கேட்டார்களாம். தாஸிம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, விலை சொன்னார். நல்லையாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவருக்கென்று ஒரு புதுச் சைக்கிளைக் கொழும்பிலிருந்து வரவழைப்பதாகத் தாஸிம் வாக்குக் கொடுத்தார். அதை உண்மையாகவே எண்ணிச் சொன்னார். துணி கட்டிய எதையும் அந்தக் குடும்பத்துக்குத் தருவதாக அவர் நினைக்கவே இல்லை. பெட்டி வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்துவிடும், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பெட்டியை எடுக்கத் தாஸிம் ஸ்டேஷனுக்குப் போனார். சாமான் பெட்டி வந்துதான் இருந்தது. அதை விட்டுக் கொடுக்கக் கையெழுத்துப் போட வேண்டிய ஸ்டேஷன்காரர் இன்னும் வரவில்லை. கடையில் ஜௌபர் தனியாக இருந்தான். ஸுபைராவின் தம்பி, வாய் நிறையச் சிரிப்பும் கை நிறைய அவசரமும் உள்ள பையன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான், இருபத்தைந்து வயது. காலை பஸ்ஸிலேயே நல்லையா குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார். ஜெயலெட்சுமி கையில் சக்கரத்துக்கு அடியில் வைக்கத் தேசிக்காயும் செவ்வந்தி மாலையும் இருந்தன. தவமணி புதுச் சட்டை போட்டிருந்தாள்.

நேரம் போகப் போக நல்லையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“தம்பி, வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம் புடிச்சிரும். அதுக்குள்ள வண்டி கடை வாசலத் தாண்டணும். பன்னெண்டுக்கு மேலேன்னா கோயில் பூசாரி காத்திருக்க மாட்டாருங்க.”

“மச்சான் இப்ப வந்திருவாரு.”

“புள்ளைக்காக வாங்குற வண்டி தம்பி. கெட்ட நேரத்துல எடுக்க மனசு வரல.”

ஜௌபருக்கு மனசு கேட்கவில்லை. வரிசையில் பளபளவென்று நின்ற ஒன்றைப் பார்த்தான். அதிலும் துணி இருந்தது, சாமான் வரவேண்டும் என்பதைத் தவிர மச்சான் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் உதைத்ததும் இயந்திரம் ஓடியது, கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பிரேக் பிடித்தபோது நின்றது. மச்சான் சாமான் போட்டுவிட்டுத் துணியை அவிழ்க்க மறந்திருப்பார் என்று நினைத்தான். அவனே அவிழ்த்தான். ஜெயலெட்சுமி அந்த இடத்தில் மாலையைக் கட்டினாள். பத்தரைக்கு முன்பே சக்கரம் தேசிக்காயை நசுக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டது. மகள் பெட்ரோல் டாங்கியின் மேல், மனைவி பின்னால். ஜௌபர் கை காட்டி வழியனுப்பினான்.

தாஸிம் பெட்டியைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

“சுவர்ப் பக்கத்துச் சைக்கிள் எங்க?”

“கணக்கப்புள்ளக்கிக் குடுத்திட்டன் மச்சான். ராகு காலம் என்டு ஒரே அவசரம். நல்லாத்தான் ஓடுது, நான் பார்த்தன்.”

தாஸிமின் முகம் போன போக்கைப் பார்த்து ஜௌபர் பேச்சை நிறுத்தினான். புதன்கிழமைதான் ஒரு மரக்கறி வியாபாரிக்காக அந்தச் சைக்கிளின் இரண்டு சக்கரத்துப் பிரேக் ஷூக்களையும் தாஸிம் கழற்றினார். வியாபாரியின் பழையதைத்தான் அதற்குள் போட்டு வைத்தார். இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்தவை. நிறுத்தி வைக்கத்தானே என்று பிரேக்கைக் கடைசிவரை முறுக்கி இறுக்கியும் விட்டிருந்தார். சமதரையில் நாலு தரம் பிடிக்கும். பூனாகலைப் பாதையில் சமதரை எங்கே இருக்கிறது?

“நீங்க ஒரு வார்த்த செல்லியிருந்தா…” என்று ஜௌபர் தொடங்கினான்.

“ஓம், செல்லல்ல” என்றார் தாஸிம். “ஆருக்கும் செல்லல்ல.”

பின்னாலேயே போய்ப் பிடித்துவிடலாம் என்று ஒரு சைக்கிளை இழுத்தார். அதில் பிளக் இல்லை. அடுத்ததற்கு கிளட்ச் கேபிள் இல்லை. அதற்கடுத்ததன் செயினைப் போன மாதம் ஹல்தும்முல்லைக்காரர் ஒருவர் கொண்டுபோயிருந்தார். ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். கைவண்டியில் வந்த பெட்டியைப் பிரித்துப் பூட்ட அரை நாள் வேண்டும். கடை நிறைய மோட்டார் சைக்கிள்கள் பளபளவென்று நின்றன, ஏறிப் போக ஒன்று இல்லை. அவர் அந்த வரிசையின் நடுவில் நின்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். தான் விலையைக் குறைத்ததே கிடையாது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. முதலில் வாங்கியவனுக்குக் குறைத்ததை அடுத்து வாங்குபவனிடமிருந்து களவாடியிருக்கிறார். அடுத்தவன் யாரென்று தெரியாதவரை அது களவாகத் தெரியவில்லை.

ஜும்ஆத் தொழுகைக்கு வெள்ளை உடுத்துப் பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், தாஸிம் தொப்பி இல்லாமல் சந்தையை நோக்கி ஓடுவதைப் பார்த்தார்கள். அங்கே மரக்கறி ஏற்றும் அஸீஸின் லொறி வெறும் பெட்டிகளோடு, ஜும்ஆ முடிந்ததும் பூனாகலைக்குப் புறப்படத் தயாராக நின்றது.

“ஜும்ஆ இல்லையா, நானா?” என்று, தாஸிமை அண்ணன் முறை வைத்து அழைக்கும் அஸீஸ் கேட்டார்.

“வண்டிய எடுங்க அஸீஸ். அல்லாஹ்வுக்காக எடுங்க.”

லொறி வளைவுகளில் முனகிக்கொண்டு போனது. தாஸிமுக்கு முதலில் வந்த நினைப்பு பொலிஸ். அடுத்து கடை. பெயர் கெட்டுவிடுமே, இனி யார் வருவார்கள் என்ற நினைப்பு. டாங்கியில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் நினைப்பு மூன்றாவதாகத்தான் வந்தது. நினைப்புகள் வந்த அந்த வரிசையை எண்ணியதும் அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. என்னைப் போல ஒரு மனிசன் ஈப்பானா என்று வாய்விட்டே சொன்னார். அஸீஸ் திரும்பிப் பார்த்துவிட்டு கியரை மாற்றினார்.

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றும் ஆகாவிட்டால் எல்லாச் சைக்கிளையும் சரிசெய்வதாகச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் பயம் கூடி, கடையையே விட்டுவிடுவதாகச் சொன்னார். படைத்தவனிடமும் பேரம் பேசிக்கொண்டுதான் போனார், பாவம், அவருக்குத் தெரிந்தது அதுதான்.

தோட்டத்து எல்லை தாண்டி ஓர் இறக்கத்தின் அடிவளைவில் ஆட்கள் கூடி நின்றார்கள். கொழுந்துக் கூடையை முதுகில் போட்டபடியே பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். சைக்கிள் தேயிலைச் செடிகளுக்குள் மூக்கைக் குத்திக் கிடந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து நல்லையாவின் குரல் கேட்ட பிறகுதான் தாஸிமால் லொறியிலிருந்து இறங்க முடிந்தது.

மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். ஜெயலெட்சுமியின் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. நல்லையாவின் வேட்டி கிழிந்திருந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை, உள்ளங்கால் தாரில் உரசிச் சிவந்திருந்தது. செடிகள் தாங்கியிராவிட்டால் அந்தப் பக்கம் பள்ளம்.

“மொதலாளி! நல்ல வேள வந்தீங்க” என்று நல்லையா நொண்டிக்கொண்டு வந்தார். “மன்னிச்சிருங்க மொதலாளி. கோயில்ல பூச முடிச்சிட்டு வர்ற வழியில, புது வண்டிய மொத நாளே இப்படிப் பண்ணிட்டேன். லைட்டு ஒடஞ்சிருச்சு. என்ன ஆகுதோ நான் குடுத்துர்றேங்க.”

“லைட்டுக்கு ஒன்டும் வேணாம்” என்றார் தாஸிம்.

“எல்லாம் இந்தக் கழுதையாலங்க. டாங்கியில உக்கார வச்சது என் புத்திக் கேடு. கைப்பிரேக்குக்கு நடுவுல வெரல விட்டுட்டா போல. அழுத்துறேன் அழுத்துறேன், புடிக்கவே இல்ல. கால் பிரேக்க மிதிக்கிறதுக்குள்ள கொழம்பிப் போயிட்டேன். அம்மாவக் கொல்லப் பாத்தியேன்னு ஓங்கி ரெண்டு வச்சேன்.”

தவமணி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அப்பாவின் விரல் தடங்கள் தடித்திருந்தன. ஆறு வயதுப் பிள்ளையின் கன்னத்தில் அவ்வளவுக்கு இடமே இல்லை.

தாஸிம் குனிந்து கைப்பிரேக்கை அழுத்தினார். எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடி வரை வந்து ஒட்டியது. நல்லையா சொன்ன காரணம் அப்படியே கைக்குக் கிடைத்திருந்தது. சைக்கிளை லொறியில் ஏற்றி, பெட்டியில் வந்த புதியதைப் பூட்டிக் கொடுத்தால் போதும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. லைட்டுக்குக்கூடக் காசு வாங்காத ஆள் என்று தோட்டமெல்லாம் பேசும். இப்போதே பேச்சுத் தொடங்கிவிட்டது.

“வண்டி விழுந்துச்சுன்னு எப்படித்தான் தெரிஞ்சதோ, அம்புட்டுத் தூரத்துல இருந்து ஓடி வந்திருக்காரு” என்றாள் ஒருத்தி. “தங்கமான மொதலாளி” என்றாள் இன்னொருத்தி.

தாஸிம் “பார்ப்பம்” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுச் சக்கரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தால் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயமாக இருந்தது. குனிந்திருந்ததும் பொய்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அவர் பிற்பாடு தன்னை அதிகமாக ஏசிக்கொண்டார்.

அப்போது தவமணி அம்மாவின் சேலையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாமா, நான் பிரேக்கத் தொடல” என்றாள் விக்கலுக்கு நடுவில். “நான் பூவத்தான் புடிச்சிருந்தேன். அப்பாகிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. ஒங்களுக்கு வண்டியப் பத்தித் தெரியும்ல? நீங்க சொல்லுங்க மாமா.”

“அவர தொந்தரவு பண்ணாத, இங்கிட்டு வா” என்று ஜெயலெட்சுமி அதட்டினாள்.

தாஸிம் நிமிர்ந்தார்.

“புள்ள தொடல்ல” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னார். “கணக்கப்புள்ள, புள்ள ஒன்டும் செய்யல்ல. பிரேக்குல சாமானே இல்ல. புது ஷூவக் கழட்டி நான் வேற ஒராளுக்குப் போட்டுக் குடுத்திட்டன். தேஞ்சு போன பழையதுதான் இதுல ஈக்கிறது. நான்தான் போட்டு வச்சன். இத ஒங்களுக்குக் குடுக்க எண்ணல்ல, நான் இல்லாத நேரம் மாறிப் போச்சி. ஆனா போட்டது நான்தான்.”

கொழுந்துப் பெண்களின் பேச்சு நின்றது. நல்லையா சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார்.

“புது வண்டின்னுதானே மொதலாளி குடுத்தீங்க?”

“ஓம்.”

“இந்த எறக்கத்துலதான் நாங்க வருவோம்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“வேற வண்டிங்க?”

“எல்லாம் அப்படித்தான். கடையில முழுசா ஒன்டும் இல்ல.”

இப்போது இந்த மனிதர் அடிப்பார் என்று தாஸிம் எதிர்பார்த்தார். எதிர்பார்த்தார் என்பதைவிட, காத்திருந்தார் என்பதுதான் சரி. அடித்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம். நல்லையா கையை ஓங்கவில்லை, ஒரு வார்த்தை ஏசவில்லை. திரும்பி மகளுக்கு முன்னால் தரையில் குந்தினார். அந்தக் கன்னத்தைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

“அப்பா தெரியாம அடிச்சிட்டேன் கண்ணு.”

“நான் சொன்னேன்ல.”

“சொன்ன.”

“நீங்க கேக்கல.”

“கேக்கல கண்ணு. தப்புத்தான்.”

தவமணி அவரையும் தாஸிமையும் மாறி மாறிப் பார்த்தாள். விக்கல் நின்றிருந்தது.

“அப்ப ஏன்ப்பா இந்த மாமாவ அடிக்கல?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அவரு மொதலாளி கண்ணு” என்றார் நல்லையா. “மொதலாளிய எல்லாம் அடிக்கக் கூடாது.”

குத்திக் காட்டிச் சொன்னதில்லை அது. பெரியவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல்தான் சொன்னார். தாஸிமுக்குத்தான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. சைக்கிளைத் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து தனியாக இழுக்கத் தொடங்கினார். யாரும் கை கொடுக்க வரவில்லை.